புதுக்கோட்டைச் சீமையில் புள்ளினங்களின் பேச்சு

புதுக்கோட்டை என்றதும் பலருக்கும் பாறைகளே நினைவுக்கு வரும். திருமயத்துக் கோட்டை, நார்த்தாமலைக் குன்றுகள், சித்தன்னவாசல் குகை, குடுமியான்மலைக் கல்வெட்டு எனக் கண்ணுக்கு விருந்தாகும் இடங்கள் இம்மாவட்டத்தில் நிறைந்துள்ளன. 1948-ஆம் ஆண்டு வரை தொண்டைமான் மன்னர்களின் தனிச் சமஸ்தானமாக இருந்து, பின்னர் திருச்சி மாவட்டத்துடன் இணைந்து, 1974-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் தனி மாவட்டமாக மலர்ந்த பூமி இது. இதன் கோயில்களையும் கோட்டைகளையும் பற்றி எழுதியோர் பலர். ஆனால் இந்தச் சீமை காதுக்கும் ஒரு செல்வத்தை வைத்திருக்கிறது. அதைத் தேடிச் செல்வோர் மிகச் சிலரே.

அந்தச் செல்வம், இங்குள்ள புதர்க்காடுகளிலும் கண்மாய்க் கரைகளிலும் கடலோரச் சேற்று நிலங்களிலும் ஒலிக்கும் பறவைகளின் குரல். இதற்கு நுழைவுக் கட்டணம் இல்லை, வழிகாட்டியும் தேவையில்லை. ஸுப்ஹுத் தொழுகையை முடித்துவிட்டு, பொழுது விடிவதற்குள் ஊர் எல்லைக்கு நடந்து செல்லும் கால்களும், சற்று நேரம் பேசாதிருக்கும் நாவும் போதும்.

கல்லில் எழுதிய இசை

இப்பயணத்தைக் குடுமியான்மலையில் தொடங்குவது பொருத்தம். புதுக்கோட்டை நகரிலிருந்து மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இவ்வூரில், குன்றைக் குடைந்து அமைத்த குகைக்கோயிலின் அருகே, பாறைச் சுவரில் 38 வரிகள் கொண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. மன்னர்களின் வெற்றியையோ நிலக்கொடையையோ அது கூறவில்லை. ஏழு வகைப் பண்களுக்குரிய சுரங்களை நான்கு நான்காகத் தொகுத்து, மாணவர்கள் பயிலும் பொருட்டுச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கி.பி. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் செதுக்கச் செய்தது என்பது நெடுங்கால வழக்கு. அதை ஏற்காதவர்களும் உளர். இந்திய இசை வரலாற்றில் இதற்கு இணையான பழமையுள்ள கற்சான்றுகள் மிக அரியவை.

இந்த ஏழு சுரங்களுக்கும் பறவைகளுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. நம் நாட்டு இசை நூல்களின் மரபு ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் உயிரினத்தின் குரலைச் சான்றாகக் காட்டுகிறது. முதற்சுரமான ஷட்ஜம் மயிலின் அகவல். ரிஷபம் எருதின் முக்காரம். காந்தாரம் ஆட்டின் கத்தல். மத்தியமம் கிரௌஞ்சப் பறவையின் குரல். பஞ்சமம் குயிலின் கூவல். தைவதம் குதிரையின் கனைப்பு. நிஷாதம் யானையின் பிளிறல். ஏழில் மூன்று இடங்களைப் பறவைகள் பெற்றிருக்கின்றன. மனிதன் பாடக் கற்ற காலத்தில் அவன் செவி எங்கே இருந்தது என்பதற்கு இது போதிய சான்று.

மயிலும் குயிலும் இன்றும் குடுமியான்மலை வட்டாரத்தில் குரல் கொடுக்கின்றன. மனிதரின் சுரங்களைக் கல்லில் பொறித்து வைத்தார்கள். அதனால் அவை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக நிலைத்தன. பறவையின் பாட்டை எந்தக் கல்லிலும் எவரும் பொறிக்கவில்லை. அது ஒரு பறவையிடமிருந்து இன்னொரு பறவைக்கு, தலைமுறை தலைமுறையாகச் செவிவழியே வந்துகொண்டிருக்கிறது. பாடும் பறவையினங்களின் குஞ்சுகள் தம் இனத்தின் பாட்டைப் பெரியவற்றிடம் கேட்டே கற்கின்றன என்பது அறிவியல் கண்ட உண்மை. கேட்டுக் கற்க மூத்த பறவைகள் இல்லாமற்போனால், குஞ்சுக்கு வாய்ப்பது அரைகுறைப் பாட்டே.

நார்த்தாமலையின் சிறு பாடகர்கள்

திருச்சி செல்லும் சாலையில் நார்த்தாமலை இருக்கிறது. ஒன்பது குன்றுகள் சூழ்ந்த இவ்வூரை, சோழர் காலக் கற்றளிக்காகவே பலரும் நாடி வருகின்றனர். அக்கற்றளிக்கு ஏறும் வழியில், பாறைகளுக்கிடையே முட்புதர்களும் காரை, சூரை போன்ற செடிகளும் அடர்ந்த இடங்கள் உள்ளன. அங்கே அரைமணி நேரம் அசையாமல் அமர்ந்தால், கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஊரே பேசிக்கொண்டிருப்பதை உணரலாம்.

முதலில் செவியை எட்டுவது தையல்சிட்டின் குரல். ஆங்கிலத்தில் வார்ப்ளர் என்று வழங்கும் பாடும் சிட்டுகளின் பெருங்கூட்டத்தோடு நெடுங்காலம் சேர்த்து எண்ணப்பட்ட சின்னஞ்சிறு பறவை இது. எடை பத்துக் கிராமைத் தாண்டுவதில்லை. நம் கட்டைவிரலை விடச் சற்றே பெரிய உடல். ஆனால் 'ட்டுவீ, ட்டுவீ, ட்டுவீ' என்று அது எழுப்பும் ஒலி, தெருக்கோடி வரை கேட்கும். அகன்ற இலைகளின் ஓரத்தில் அலகால் துளையிட்டு, பஞ்சாலும் சிலந்தி நூலாலும் தைத்து, அதற்குள் கூடு அமைப்பதால் இப்பெயர் பெற்றது. வீட்டுக் கொல்லையில் ஓர் எலுமிச்சையோ அத்தியோ இருந்தால், அங்கும் குடிவந்துவிடும்.

அடுத்துக் கேட்பது கதிர்க்குருவி. வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு புல்லுக்கும் புதருக்கும் இடையே தாவும் இச்சிட்டில் பல வகைகள் இங்கு உண்டு. சாம்பல் நிறக் கதிர்க்குருவி அஞ்சிப் பறக்கும்போது, மின்பொறி தெறிப்பதுபோல் 'சட்சட்' என்று ஓர் ஓசை எழும். வயலோரத்தில் வேலை செய்யும் பெண்கள் பலர் இவ்வோசையை நன்கு அறிவர். எந்தப் பறவை எழுப்புவது என்பதை மட்டும் அறிந்திருக்க மாட்டார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டை விளக்குவது நலம். பறவையின் ஒலிகள் இருவகை. ஒன்று பாட்டு, மற்றொன்று அழைப்பு. பாட்டு என்பது நீண்டது, ஒழுங்குடையது. பெரும்பாலும் ஆண்பறவை இனப்பெருக்கக் காலத்தில் பாடுவது. "இவ்விடம் எனக்குரியது" என்று மற்ற ஆண்களுக்கு எல்லை காட்டுவதும், துணையை அழைப்பதும் அதன் நோக்கம். அழைப்பு என்பது குறுகிய ஒலி. ஆணும் பெண்ணும் ஆண்டு முழுவதும் எழுப்புவது. பருந்து வருகிறது, பாம்பு இருக்கிறது, நான் இங்கிருக்கிறேன், குஞ்சே வாயைத் திற என்பன போன்ற அன்றாடச் செய்திகள் அதில் அடங்கும்.

இந்த அழைப்புகளில் ஒரு நுட்பம் உண்டு. வல்லூறு வானில் வட்டமிடும்போது சிறு பறவைகள் பல மெல்லிய, கூர்மையான, இழுத்த ஒலி ஒன்றை எழுப்பும். அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது கடினம். எனவே எச்சரித்த பறவை தப்பித்துக்கொள்ளும். ஆனால் ஆந்தை ஒன்று மரக்கிளையில் அமர்ந்திருந்தால், அதே பறவைகள் உரத்த, வெடுக்கென்ற, எளிதில் இடம் காணக்கூடிய ஒலியால் எல்லோரையும் அழைத்து ஆந்தையைச் சூழ்ந்து விரட்டும். ஒளிந்துகொள்ள ஒரு குரல், ஊரைக் கூட்ட ஒரு குரல்! பீட்டர் மார்லர் என்னும் அறிஞர் 1955-ஆம் ஆண்டில் இவ்வேறுபாட்டை எடுத்து விளக்கினார். நம் கொல்லையில் தவிட்டுக்குருவிகள் கூச்சலிடும்போது, அங்கே பாம்போ பூனையோ இருக்கிறது என்று வீட்டு முதியோர் சொல்வதும் இதே அறிவுதான்.

இவ்வளவு சிறிய உடலிலிருந்து இத்தனை பெரிய ஒலி எப்படி வருகிறது? மனிதனின் குரல்வளை தொண்டையின் மேற்பகுதியில் உள்ளது. பறவைக்கோ, மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்து நுரையீரலுக்குச் செல்லும் அடிப்பகுதியில் ஒலியுறுப்பு அமைந்துள்ளது. இரு கிளைகளிலும் தனித்தனியே ஒலி எழுப்பும் ஆற்றல் பல பாடும் பறவைகளுக்கு உண்டு. ஒரே நேரத்தில் இரு குரலில் பாடும் வல்லமையை இப்படிக் கைப்பிடிக்குள் அடங்கும் உயிருக்கு இறைவன் அளித்திருக்கிறான்.

ஓவியத்துப் பறவையும் வடபுலத்து விருந்தாளியும்

நார்த்தாமலைக்கு அருகிலேயே சித்தன்னவாசல் உள்ளது. அங்குள்ள சமணக் குகைக்கோயிலின் விதானத்தில் தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டிருக்கிறது. மீன்களும் யானைகளும் எருமைகளும் பூப்பறிக்கும் மனிதர்களும் உள்ள அக்குளத்தில் நீர்ப்பறவைகளும் இருக்கின்றன. பாண்டியர் காலமாகிய ஒன்பதாம் நூற்றாண்டில் இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர் இக்கோயிலைப் புதுப்பித்ததை அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது. ஓவியன் தீட்டிய பறவைகளுக்கு வண்ணம் மங்கிவிட்டது. குகைக்கு வெளியே உள்ள பறவைகளோ ஆண்டுதோறும் புதுக் குரலோடு வருகின்றன.

அவற்றுள் ஒன்று பிளைத் நாணல் கதிர்க்குருவி. பழுப்பு நிறம், எடுப்பான அடையாளம் எதுவுமில்லை. பார்த்தவர் மறந்துவிடுவர், கேட்டவர் மறப்பதில்லை. புதருக்குள் மறைந்தபடி, இரு கூழாங்கற்களை மெல்லத் தட்டியது போல் 'செக்... செக்...' என்று விட்டுவிட்டு ஒலிக்கும். பின்லாந்து, பால்டிக் நாடுகள், ருஷ்யா, சைபீரியா ஆகிய வடபுலங்களில் கோடையில் குஞ்சு பொரிக்கும் இப்பறவை, குளிர் தொடங்குமுன் தெற்கு நோக்கிப் புறப்பட்டு, இந்தியாவையும் இலங்கையையும் அடைகிறது. பின்லாந்திலிருந்து புதுக்கோட்டைக்கு ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். பத்துப் பன்னிரண்டு கிராம் எடையுள்ள ஓர் உயிர் அவ்வளவு தூரத்தைக் கடந்து, ஏறத்தாழ அரையாண்டு நம் வேலியோரத்தில் தங்குகிறது.

இவ்விருந்தாளியின் வாழ்வில் ஒரு விந்தை உண்டு. தன் வடபுலத் தாயகத்தில் இது பெரும் பாடகன். இரவெல்லாம் ஓயாமல், பிற பறவைகளின் குரல்களையும் கலந்து, ஒவ்வொரு சொற்றொடரையும் பலமுறை திருப்பித் திருப்பிப் பாடும். நம் நாட்டில் தங்கும் காலத்திலோ பெரும்பாலும் அந்த ஒற்றைச் சொல் 'செக்' மட்டுமே. மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஊர் திரும்பும் வேளை நெருங்கும்போது, புதருக்குள்ளிருந்து தாழ்ந்த குரலில் பாடிப் பார்ப்பது சில நேரம் கேட்கும். வளைகுடா நாட்டில் உழைத்துவிட்டு விடுமுறைக்கு ஊர் திரும்பும் பிள்ளை, பெட்டி கட்டும்போதே தன்னையறியாமல் பாட்டு முணுமுணுப்பதை அறிந்த நம் குடும்பங்களுக்கு, இப்பறவையின் மனநிலை புரியாமற் போகாது.

கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகப் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பிளைத் என்பவர், 1849-ஆம் ஆண்டில் இப்பறவைக்கு அறிவியல் பெயர் சூட்டினார். அவர் இட்ட லத்தீன் பெயரான 'டுமெடோரம்' என்பதற்குப் புதர்களுக்கு உரியது என்று பொருள். அப்பெயரில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. புதர் இல்லையேல் இவ்விருந்தாளிக்குத் தங்க இடமில்லை.

பேச்சு வேறானால் உறவும் வேறு

நம் நாட்டுக்குக் குளிர்காலத்தில் வரும் இன்னொரு சிட்டு பச்சைக் கதிர்க்குருவி. மர உச்சியில் இலைகளோடு இலையாக மறைந்து, 'டிஸ்லீ' என்று குரல் கொடுப்பது. இதன் பாட்டைக் கொண்டு அறிஞர்கள் ஓர் அரிய உண்மையைக் கண்டனர். இமயத்தில் தொடங்கி, திபெத்தியப் பீடபூமியின் மேற்குப் புறமாகவும் கிழக்குப் புறமாகவும் இவ்வினம் இரு கிளைகளாக வடக்கே பரவியிருக்கிறது. ஊருக்கு ஊர் பாட்டு சிறிது சிறிதாக மாறுகிறது. அண்டை ஊர்ப் பறவைகள் ஒன்றையொன்று அறிந்துகொள்கின்றன. ஆனால் சைபீரியாவில் இரு கிளைகளும் மீண்டும் சந்திக்கும்போது, ஒன்றின் பாட்டை மற்றொன்று தன் இனத்தின் பாட்டாக ஏற்பதில்லை. அவற்றுக்குள் மண உறவும் இல்லை. டேரன் இர்வின் முதலியோர் 2000, 2001 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின.

மனிதரின் பேச்சிலும் இதன் சாயலைக் காணலாம். திருமயத்திலிருந்து மீமிசல் வரை, அங்கிருந்து கீழக்கரை, காயல்பட்டினம் வரை ஊர் ஊராகச் சென்றால், அடுத்தடுத்த ஊர்த் தமிழ் சிறிதே வேறுபடும். இரு கோடியில் உள்ளவர்கள் திடீரெனச் சந்தித்தால், ஒருவர் வீட்டுப் பேச்சு மற்றவருக்கு வியப்பாக இருக்கும். நமக்கு எழுத்துத் தமிழும் பொது வழக்கும் உண்டு, சேர்த்துப் பிடிக்கின்றன. பறவைக்கு அந்த வசதியில்லை.

பாட்டு சூழலுக்கேற்ப அமைவதற்கும் சான்றுகள் உண்டு. மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸ் முதல் தென் அமெரிக்காவின் பெரு வரை, காட்டோடைகளின் கரையில் ஒரு சிட்டு வாழ்கிறது. ஆங்கிலத்தில் பஃப்-ரம்ப்ட் வார்ப்ளர் என்பார்கள். பெயர் ஒன்றாயினும் நம் கதிர்க்குருவிகளுக்கு அது உறவன்று; அமெரிக்காவில் குடியேறிய ஐரோப்பியர், தம் ஊர்ச் சிட்டுகளை நினைவூட்டியவற்றுக்கெல்லாம் பழைய பெயரையே இட்டுவிட்டனர். மெல்லத் தொடங்கி, படிப்படியாக உரத்து, மணியடிப்பது போன்ற ஒலிகளாக முடியும் அதன் பாட்டு, பாய்ந்தோடும் நீரின் இரைச்சலையும் மீறிக் கேட்கும். இதேபோல், ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் இரைச்சல் மிகுந்த தெருக்களில் வாழும் பட்டாணிக்குருவிகள் உயர்ந்த சுருதியில் பாடுவதை 2003-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. ஓடையின் இரைச்சலோ ஊர்திகளின் இரைச்சலோ, பறவை தன் குரலைக் கேட்கச் செய்ய முயல்கிறது. முயன்றும் முடியாதவை இடம் பெயர்கின்றன.

காட்டுபாவாவும் கொண்டலாத்தியும்

திருமயத்துக்குத் தெற்கே, நெடுஞ்சாலையை ஒட்டிக் காட்டுபாவா பள்ளிவாசல் என்னும் ஊர் இருக்கிறது. அங்கு அடங்கியுள்ள பெரியாரின் பெயராலேயே ஊர் வழங்குகிறது. முஸ்லிம்களும் இந்துக்களும் மரியாதையுடன் வந்துபோகும் தலம் அது. காட்டுபாவா என்ற பெயரே, இவ்வட்டாரம் ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்பதை நமக்குச் சொல்லிவிடுகிறது.

இப்பகுதியின் வறண்ட பொட்டல் நிலங்களில், தலையில் விசிறி போன்ற கொண்டையும், கறுப்பு வெள்ளைக் கோடிட்ட சிறகும், நீண்டு வளைந்த அலகும் உள்ள பறவை ஒன்று தரையைக் குத்திக் குத்தி இரை தேடுவதைக் காணலாம். தமிழில் கொண்டலாத்தி, அரபியில் ஹுத்ஹுத். 'ஹூப், ஹூப், ஹூப்' என்ற அதன் மென்குரலிலிருந்தே அரபிப் பெயரும் ஆங்கிலப் பெயரும் பிறந்தன.

நம் இல்லங்களில் மதரஸாவுக்குச் செல்லும் சிறுவருக்கும் இப்பறவையைத் தெரியும். பறவைகளின் பேச்சு கற்பிக்கப்பட்ட ஸுலைமான் நபி (அலை) அவர்களின் அவையில் ஹுத்ஹுத் காணாமற்போனதும், பின்னர் ஸபா நாட்டுச் செய்தியோடு திரும்பி வந்ததும் திருக்குர்ஆனின் 27-ஆம் அத்தியாயத்தில் கூறப்படும் வரலாறு. அரசர்க்கரசராக விளங்கியவர், தம் படையில் ஒரு சிறு பறவையின் குரல் கேட்கவில்லை என்பதைக் கவனித்தார் என்பதே அவ்வரலாற்றில் நம் சிந்தைக்குரிய செய்தி. நம் ஊரில் எந்தப் பறவையின் குரல் கேட்கவில்லை என்பதை நாம் கவனிக்கிறோமா?

இந்நாட்டில் அப்படிக் கவனித்த ஒரு பெருமகன் ஸாலிம் அலி. 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் பம்பாயில் ஸுலைமானி போரா முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமன் அமீருத்தீன் தய்யிப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது தாம் சுட்டு வீழ்த்திய ஒரு குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் இருப்பதைக் கண்டு, அது என்ன இனம் என்று அறிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குச் சென்றார். அங்கே திறந்த கதவு அவரது வாழ்நாள் முழுவதும் மூடவில்லை. 1941-ஆம் ஆண்டில் அவர் எழுதி வெளியான இந்தியப் பறவைகள் பற்றிய நூல், பல தலைமுறையினருக்குப் பறவைகளை அறிமுகம் செய்தது. 1987-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள் மறையும் வரை அவர் பறவைகளுக்காகவே உழைத்தார். துப்பாக்கியோடு தொடங்கிய அறிவு, தூரநோக்கியோடும் குறிப்பேட்டோடும் நிறைவுற்றது.

அவரது கழகம், நம் புதுக்கோட்டைக் கரைக்கு வடகிழக்கே உள்ள கோடியக்கரையில், வலசை வரும் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடுவித்து ஆராயும் பணியை நெடுங்காலம் நடத்தியது. அக்கோடியக்கரை 1967-ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இன்னொரு செய்தியும் நினைவில் கொள்ளத்தக்கது. பறவையின் குரல் முதன்முதலில் இயந்திரத்தில் பதிவானது 1889-ஆம் ஆண்டு, ஜெர்மனியில். லுட்விக் கோஃ என்ற சிறுவன் தன் வீட்டுப் பறவையின் குரலை மெழுகு உருளையில் பதிவு செய்தான். அப்பறவை நம் நாட்டுக் காடுகளுக்குரிய ஷாமா! நம் ஊர்த் தோட்டங்களில் விடியலுக்கு முன்னரே பாடத் தொடங்கும் குண்டுக்கரிச்சானின் நெருங்கிய உறவினம் அது.

கடற்கரையின் காவலாளிகள்

இனிக் கிழக்கே செல்வோம். மீமிசல், கோபாலப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம் என நம் மக்கள் நெருங்கி வாழும் ஊர்கள் பாக் நீரிணையின் கரையில் வரிசையாக அமைந்துள்ளன. மீமிசலுக்கு அருகே முத்துக்குடாவில் அலையாத்திக் காடு உள்ளது. படகில் அமைதியாகச் சென்றால், சேற்றில் இரை தேடும் உள்ளான்களையும் கொக்குகளையும் காணலாம்.

குளிர்காலத்தில் இங்கு வரும் பவளக்காலி என்னும் சிவந்த காலுடைய பறவை, ஆள் நடமாட்டம் கண்டதும் 'ட்யூ-யூ-யூ' என்று கூவி எழும். உடனே கரையிலுள்ள பறவைகள் யாவும் எழுந்துவிடும். சதுப்பு நிலத்தின் காவலாளி என்று இதை மேலைநாட்டார் அழைப்பர். உள்நாட்டுப் பொட்டலில் இதே பணியைச் செய்வது ஆள்காட்டி. ஆளைக் காட்டிக்கொடுப்பதால் அப்பெயர். குரலையே பெயராக்குவதும், குரலின் பயனையே பெயராக்குவதும் தமிழரின் வழக்கம். கா என்றதைக் காக்கை என்றார்கள்; அக்கா என்று விளிப்பது போல் கூவுவதை அக்காக்குருவி என்றார்கள்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயல், இம்மாவட்டத்தின் கிழக்குப் பகுதியை நிலைகுலையச் செய்தது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வட்டாரங்களில் தலைமுறைகளாக நின்ற தென்னையும் பலாவும் மாவும் வேரோடு சாய்ந்தன. குடும்பங்கள் வாழ்வாதாரத்தை இழந்தன. அம்மரங்களையே வீடாகக் கொண்டிருந்த உயிர்களின் கணக்கை எந்த நிவாரணப் பட்டியலும் எழுதவில்லை. மக்கள் மனந்தளராது மீண்டும் கன்றுகளை நட்டார்கள். ஆனால் பலா ஒரே ஆண்டில் நிழல் தராது. முதுமரத்தின் பொந்து உருவாகப் பல பத்தாண்டுகள் வேண்டும்.

குரல்கள் குறையும் காரணம்

புயலை நாம் தடுக்க முடியாது. ஆனால் மனிதர் கையால் நேரும் இழப்பு வேறு. புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரும்பரப்பில் தைல மரங்கள் வரிசையாக நடப்பட்டுள்ளன. காகிதக் கூழுக்காக வளர்த்து வெட்டப்படும் இவை, ஒரே இனம், ஒரே வயது, ஒரே உயரம். பழம் இல்லை, அடியில் புதர் தழைப்பது குறைவு, கூடு கட்டும் முன்பே வெட்டும் காலம் வந்துவிடும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் காடு. கதிர்க்குருவிக்கும் கௌதாரிக்கும் அது பசுமையான பாலை. இவை நிலத்தடி நீரையும் கண்மாய்க்கு வரும் நீரையும் குறைக்கின்றன என்று விவசாயிகள் நெடுங்காலமாகக் குரல் எழுப்பி வருகின்றனர்.

புதர் என்றால் பயனற்ற குப்பை என்ற எண்ணமும் நம்மிடம் வேரூன்றிவிட்டது. மனைப்பிரிவுக்காகச் சுத்தம் செய்கிறோம், பொழுதுபோக்காகத் தீயிடுகிறோம். கோயில் காடுகளாகவும் அடக்கத்தலங்களின் தோப்புகளாகவும் எஞ்சியிருக்கும் சிறு பசுமைத் திட்டுகளே இன்று பல பறவைகளுக்குப் புகலிடம். நம் ஊர்க் கபரஸ்தானில் வேம்பும் நுணாவும் சூரைப்புதரும் இருந்தால், அவற்றை முற்றாக அழித்துச் சிமெண்ட் தளம் போடுமுன் ஜமாஅத்தார் ஒருமுறை சிந்திக்கலாம். பாதையைச் சீர்செய்துவிட்டு, ஓரத்துப் பசுமையை விட்டுவைப்பதால் யாருக்கும் நட்டமில்லை.

அடுத்தது வலை. பழக்கிய கௌதாரியைக் கூண்டில் வைத்துக் கத்தவிட்டு, அக்குரலுக்கு வரும் காட்டுக் கௌதாரிகளைப் பிடிப்பது பழைய முறை. இப்போது பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுக் காடையை வலைக்கு இழுப்போரும் உள்ளனர். துணையை அழைக்க இறைவன் அளித்த குரலே அதன் உயிருக்கு வலையாகிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் அடைத்து வளர்ப்பதும் குற்றம். வீட்டில் பிள்ளைகளின் ஆசைக்காகக் கிளியையோ சில்லையையோ வாங்கி அடைப்பதும் இதில் அடங்கும். தாய்ப்பறவையின் குஞ்சுகளைத் தோழர்கள் எடுத்து வந்தபோது, அது பதறித் துடித்ததைக் கண்டு அவற்றைத் திருப்பி விடுமாறு பணித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழியை நாம் அறிந்தவர்கள். சட்டம் சொல்வதற்கு முன்பே நமக்குச் சொல்லப்பட்ட செய்தி அது.

குடும்பத்தோடு செல்வோருக்கு

பாட்டைக் கேட்க விரும்புவோர் மார்ச் முதல் ஜூன் வரையும், வடபுலத்து விருந்தாளிகளைக் காண விரும்புவோர் நவம்பர் முதல் பிப்ரவரி வரையும் செல்லலாம். குடுமியான்மலை, சித்தன்னவாசல், நார்த்தாமலை மூன்றையும் புதுக்கோட்டையில் தங்கியபடி ஒரே நாளில் பார்க்கலாம். முத்துக்குடாவுக்குத் தனியே ஒரு நாள் ஒதுக்குங்கள். சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரமே சிறந்தது. அப்போது காற்று அடங்கி, குளிர்ந்து இருப்பதால் ஒலி தூரம் செல்லும்; பறவைகளும் பாடுவதில் நேரத்தைச் செலவிடும். வெயில் ஏறியபின் பாறைகள் கொதிக்கும். குடிநீரும் தொப்பியும் கட்டாயம்.

கைப்பேசி உள்ளவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழகத்துப் பறவையியல் கூடம் அளிக்கும் மெர்லின் என்னும் இலவசச் செயலி, குரலைக் கேட்டே பறவையின் பெயரைக் கூற முயலும். பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டு, நல்ல கல்வியும்கூட. ஆனால் பதிவு செய்த பாட்டை உரக்க ஒலிக்கவிட்டுப் பறவையை அருகே வரவழைக்க வேண்டாம். எதிரி தன் எல்லைக்குள் புகுந்துவிட்டான் என்று எண்ணி அது கூட்டை விட்டு அலையும். குஞ்சுகள் பசியோடு காத்திருக்கும்.

செயலியைவிடச் சிறந்த ஆசான் வீட்டிலேயே இருக்கிறார். எந்தக் குரல் கேட்டால் மழை வரும் என்பார்கள், எந்தக் குரலுக்குக் கோழிக்குஞ்சுகள் தாயின் சிறகுக்குள் ஓடும், எந்தப் பறவை தம் சிறுவயதில் கூவி இன்று கூவவில்லை என்பவற்றையெல்லாம் நன்னாவிடமும் நன்னியிடமும் பிள்ளைகள் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். குடுமியான்மலையில் ஒருவர் மாணவர்களுக்காகச் சுரங்களைப் பொறித்து வைத்ததால்தான் இன்று நமக்கு அவை தெரிகின்றன. ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு பேனாவும் அப்பணியை நம் வீட்டில் செய்யும். எழுதியவற்றைப் படித்துப் பார்க்க ஆட்கள் இருப்பார்கள். அவற்றைப் பாடிக் காட்டப் பறவைகளும் இருக்க வேண்டுமானால், வேலியோரத்துப் புதர் ஒன்றேனும் நிற்கட்டும்.